ஒன்றாம் வகுப்புக்கு ஒன்பது வாழ்த்துரை

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஃப்ளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் இனிகோ. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டும். மனிதனுக்குத் தன் முகத்தைப் பெரிதாகப் பார்ப்பதில் எவ்வளவு வெறி என்பது என்னை விட நன்றாகத் தெரிந்தவன் இந்தத் தாலுகாவில் கிடையாது. செத்தவர் படத்தை விடத் தன் படம் சின்னதாக இருக்கிறது என்று கண்ணீர் அஞ்சலி பேனரைத் திருப்பிக் கொண்டுவந்த மச்சானை எல்லாம் பார்த்தவன் நான். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் புத்தகத்திலும் அந்தக் கூத்து நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தாய்மடி அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. தலைவர் கருப்பண்ணன். இரண்டு கல்லூரி, ஒரு கல்யாண மண்டபம், பெயருக்கு முன்னால் ஒரு டாக்டர். எந்த ஊரில் வாங்கிய டாக்டர் என்று கேட்டால் அவருடைய ஆட்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இந்த அறக்கட்டளைக்குத் திடீரென்று ஒரு கவலை பிறந்தது. மலையடிவாரத்தில் எருக்கம்பாறையில் இருக்கிற இருளர்களின் பேச்சு அழிந்துகொண்டிருக்கிறதாம். பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சிலேயே ஒரு புத்தகம் போட்டு மொழியைக் காப்பாற்ற வேண்டுமாம். இத்தனை வருடம் இல்லாத கவலை வெளிநாட்டு நிதி வந்த மாதத்தில் எப்படி வந்தது என்று நான் கேட்டால் பொல்லாப்பு.

ஒருங்கிணைப்பாளராகத் தமிழ்மணி என்பவரைப் போட்டார்கள். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, பேச்சுக்குப் பேச்சு 'நம் பழங்குடிச் சொந்தங்கள்'. அந்தச் சொந்தங்களின் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பாரா என்றால் அதுவும் இல்லை. புத்தகத்தை வடிவமைக்க என்னைப் பிடித்தார்கள். பயிலரங்கம் ஒகேனக்கல்லில். எருக்கம்பாறையிலேயே பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே வைக்கலாமே என்றேன். அங்கே ஃபேன் ஓடாது என்றார்.

ஒகேனக்கல் பயிலரங்கம் எப்படி நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வல்லுநர்கள் வந்தார்கள். காலையில் எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், மதியம் வறுத்த மீன், சாயங்காலம் பரிசல். நடுவில் கிடைத்த நேரத்தில் மொழியைக் காப்பாற்றினார்கள். ஒரு பேராசிரியர் பல்லைக் குத்திக்கொண்டே, "ஒரு மொழி சாகும்போது ஓர் உலகமே சாகிறது" என்றார். எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். அந்த மொழியில் 'சாப்பிட்டாயா' என்று கேட்கத் தெரிந்தவர் அந்த அறையில் ஒரே ஒருத்திதான். அவளைக் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

அவள் பெயர் யுவராணி. எருக்கம்பாறைக்காரி. பிளஸ் டூ முடித்தவள். கூலிக்குத் தக்காளி பறிக்கப் போகிறவளைக் கூப்பிட்டு 'மொழி வள நபர்' என்று கழுத்தில் அட்டை மாட்டிவிட்டிருந்தார்கள். குடியிருப்பில் அலைந்து விடுகதை, தேன் எடுக்கும்போது பாடுகிற பாட்டு, நண்டுக்கதை, செடி கொடிப் பெயர் எல்லாம் திரட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள். அவர்கள் பேச்சு காதில் விழுந்தால் தமிழ் மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் போனால் கன்னடமோ என்று தோன்றும், கடைசியில் இரண்டும் இல்லை என்று தெரியும்.

கம்ப்யூட்டரில் அடிப்பதற்கு உதவியாக என் கடைக்கு வந்து உட்காருவாள். நான் ஒவ்வொரு வரியாக அடிப்பேன், அவள் திரையைப் பார்த்துத் திருத்துவாள். எல்லாம் முடிந்ததும் இன்னொரு தாளை நீட்டினாள்.

"அண்ணா, இது ஒரு பக்கம் கண்டிப்பா வரணும். பாட்டு கதை எல்லாம் அப்புறம்."

வாங்கிப் பார்த்தேன். இருபது வரி இருக்கும். இடது பக்கம் அவர்கள் பேச்சு, வலது பக்கம் தமிழ். தாகமா இருக்குது. பசிக்குது. வயித்த வலிக்குது. ஒண்ணுக்குப் போவணும். இவன் என்னை அடிச்சுட்டான். நீங்க சொன்னது புரியலை. எனக்குப் பயமா இருக்குது. விடுங்க. அம்மாகிட்டப் போவணும்.

"இது எதுக்கும்மா? உங்க புள்ளைங்களுக்கு இது தெரியாதா?"

"புள்ளைங்களுக்கு இல்லண்ணா. டீச்சருக்கு."

ஒகேனக்கல்லில் அத்தனை மீனைத் தின்ற ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. பிள்ளைக்கு அந்தப் பேச்சு வரும். வராதது டீச்சருக்குத்தானே.

அப்புறம்தான் தன் மகள் கதையைச் சொன்னாள். கவிப்பிரியா, ஒன்றாம் வகுப்பு. வீட்டில் கோழியைத் திட்டுவாள், ஆட்டைத் திட்டுவாள், அம்மாவையும் ஒரு கை பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதில்லை. சேர்ந்த புதிதில் ஏதோ சொல்லியிருக்கிறாள், டீச்சருக்குப் புரியவில்லை, பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. ஒருநாள் ஒண்ணுக்குப் போகணும் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டாள். அதற்கும் சிரிப்பு. அதிலிருந்து பேச்சும் நின்றது, தண்ணீரும் நின்றது.

"தண்ணி நின்னுச்சா?"

"குடிக்கறதே இல்லண்ணா. குடிச்சா ஒண்ணுக்கு வருமில்ல? காலைல பாட்டில்ல ரொப்பிக் குடுத்து உடறேன். சாயங்காலம் ரொப்பின மாதிரியே வூட்டுக்கு வருது."

பள்ளியில் இரண்டே டீச்சர், ஐந்து வகுப்பு. ஒன்றாம் வகுப்பு ஜோஸ்பின் டீச்சரிடம் யுவராணி போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எழுதிக்கொண்டு வா என்றார்களாம். எழுதிக் கொடுத்த தாள் எந்த நோட்டுக்குள் போனதோ தெரியவில்லை. இப்போது டீச்சர், பிள்ளைக்கு வாய் பேச வராது போலிருக்கிறது, கோடை லீவு முடிந்ததும் தர்மபுரியில் சிறப்புப் பள்ளி விடுதியில் சேர்த்துவிடு என்கிறார்களாம்.

"பேசற புள்ளையப் பேசாத புள்ளைன்னு அனுப்பச் சொல்றாங்கண்ணா. அங்க போனா அவ பேசறதைக் கேக்க ஒரு ஆள் இருக்குமா? அச்சுல வந்தா டீச்சர் படிப்பாங்க. புஸ்தகத்துல இருந்தா படிச்சுத்தான ஆவணும்?"

கண்ணில் தண்ணீர் வரவில்லை அவளுக்கு. அந்தப் பக்கத்தைப் பெரிய எழுத்தில், பிழை வராமல் மூன்று முறை புரூஃப் எடுத்து, புத்தகத்தின் நடுவில் வைத்தேன். மூன்று முறையும் அவள் வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். அதனால் இருபது வரியும் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இனிதான் கூத்து. புத்தகம் முப்பத்திரண்டு பக்கம். அதற்கு மேல் ஒரு பக்கம் கூடாது என்று நிதி கொடுத்தவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தமிழ்மணி வந்து தலைவரின் வாழ்த்துரைக்கு ஒரு பக்கம் கேட்டார். நியாயம்தான், கொடுத்தேன். செயலாளருக்கு ஒன்று. தலைவருக்குக் கொடுத்துப் பொருளாளருக்குக் கொடுக்காவிட்டால் மனஸ்தாபம் என்று அவருக்கு ஒன்று. பல் குத்திய பேராசிரியரின் அணிந்துரை இரண்டு பக்கம். தலைவரின் சம்பந்தி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஏதோ பதவியில் இருக்கிறார், அவருக்கு ஒன்று. எல்லோர் படத்திலும் கோட்டு, கூப்பிய கை, பின்னால் நீல நிறத் திரை. ஒன்பது வாழ்த்துரை! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே தெரியாது, அதற்கு ஒன்பது பெரிய மனிதர் வாழ்த்து. ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் இருளர் பேச்சிலிருந்து ஒரு பக்கம் வெளியே போயிற்று. முதலில் விடுகதை போயிற்று. அப்புறம் செடி கொடி. தேன் பாட்டு போயிற்று. நண்டுக்கதையில் நண்டு வளைக்குள் நுழைகிற வரைக்கும் இருந்தது, திரும்பி வருகிற பக்கத்தில் பொருளாளர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

கடைசியாகத் தமிழ்மணி பெரிய கவர் ஒன்றோடு வந்தார்.

"நடுப்பக்கம் வேணுங்க இனிகோ. தலைவர் நின்ன கோலத்துல முழு சைஸ் போட்டோ. புத்தகத்தைத் திறந்தா அவர்தான் தெரியணும்."

"நடுப்பக்கத்துல டீச்சருக்கான வரிங்க இருக்குது சார். அதைத் தொடாதீங்க."

"எது, அந்த ஒண்ணுக்குப் பக்கமா?" மூக்கைச் சுளித்தார். "நானே சொல்லணும்னு இருந்தேன். பெரிய பெரிய ஆளுங்க கையில குடுக்கற புத்தகமுங்க அது. வயித்த வலி, ஒண்ணுக்குன்னு... மொழியோட மாண்பு என்ன ஆவறது?"

"புள்ளைக்கு முட்டிக்கினு வந்தா மாண்பை வெச்சு என்னா சார் பண்றது?"

"உங்க வேலை டிசைன். பண்ணுங்க."

நான் விடவில்லை. பின்னட்டையின் உள்பக்கம் காலியாக இருந்தது. அங்கே பொடி எழுத்தில் இருபது வரியையும் நுழைத்தேன். கடைசிப் புரூஃபில் தமிழ்மணி அதையும் கண்டுபிடித்து எடுத்துவிட்டு, தலைவரின் கல்லூரி அட்மிஷன் விளம்பரத்தை வைத்துவிட்டார். சண்டை போட்டேன். வேறு கடையில் பார்த்துக்கொள்கிறோம் என்று ஃபைலை வாங்கிக்கொண்டு போனார். போய்த் தொலையட்டும் என்று விட்டேன். யுவராணியிடம் போய்ச் சொன்னேன். "டீச்சரு லீவுக்கு முன்னாடியே தர்மபுரிக்குப் பேர் குடுத்துடுவாங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வெளியீட்டு விழா தலைவரின் மண்டபத்தில். எனக்கும் அழைப்பு வந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன், வயிற்றெரிச்சல் சும்மா விடவில்லை. வாசலில் யுவராணியைப் பட்டுப் புடவை கட்டவைத்து, சந்தனத் தட்டோடு நிறுத்தியிருந்தார்கள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். முன்வரிசை முழுக்க கோட்டு. எருக்கம்பாறை ஜனங்கள் கடைசி வரிசையில். ஜோஸ்பின் டீச்சர் பக்கத்து ஊர் டீச்சர்களோடு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

மேடையைப் பார்த்தேன். மாதாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கவிப்பிரியாவுக்கு மாறுவேட உடைக் கடையில் வாடகைக்கு எடுத்த புலித்தோல் துணியைச் சுற்றி, தலையில் கோழி இறகு செருகி, கன்னத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து நிறுத்தியிருந்தார்கள். எருக்கம்பாறையில் யாராவது புலித்தோல் கட்டி நான் பார்த்ததில்லை. அங்கே பிள்ளைகள் எல்லாம் சந்தையில் வாங்கிய கவுனும் டிரவுசரும்தான். பழங்குடி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தமிழ்மணிக்கு எந்தச் சாமி வந்து சொன்னதோ.

நிகழ்ச்சி பத்து மணிக்கு. தலைவர் வந்ததோ மதியச் சோற்று வாசனை மண்டபத்துக்குள் வந்த பிறகு. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை மேடையிலேயே நிற்கிறாள். அசைந்தால் இறகு விழுந்துவிடுமாம். அழுதுவிடப் போகிறாளே என்று யாரோ ஒரு புண்ணியவதி மாம்பழ ஜூஸ் டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தாள். குடித்தாள். தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தாள். பாவம், தாகம், அதையும் உறிஞ்சிக் குடித்தாள். அப்புறம் சால்வை ஆரம்பித்தது. தலைவருக்குச் செயலாளர் சால்வை, செயலாளருக்குப் பொருளாளர் சால்வை, பொருளாளருக்குச் சம்பந்தி சால்வை. ஒருவர் போர்த்திய சால்வையை மடித்து அடுத்தவருக்குப் போர்த்தியதையும் பார்த்தேன். பிள்ளை ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இப்போது பழங்குடி மழலை தன் தாய்மொழியிலே வாழ்த்துப்பா இசைக்கும்" என்று தமிழ்மணி மைக்கைத் தாழ்த்திப் பிள்ளையின் வாயருகே வைத்தார். அந்த வாழ்த்துப்பாவும் அவர் எழுதியதுதான். தமிழில் எழுதி, வார்த்தைக் கடைசியை மட்டும் இழுத்து விட்டிருந்தார். எங்கள் பேச்சு இது இல்லைங்களே என்று யுவராணி சொன்னதற்கு, மொழியை வளர்க்க வேண்டாமா என்று கேட்டவர் அவர்.

பிள்ளை மைக்கைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். அம்மா எங்கே என்று தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வாயைத் திறந்து, மெல்லிய குரலில், தன் பேச்சில் மூன்று வரி சொன்னாள்.

நான் அடித்த வரிகள். மூன்று புரூஃப் பார்த்த வரிகள்.

மண்டபம் கை தட்டியது. சும்மா இல்லை, அதிரத் தட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேராசிரியர் பக்கத்தில் இருந்தவரிடம், "என்ன ஓசை நயம் பாருங்க" என்றார். "இன்னொரு முறை, இன்னொரு முறை" என்று முன்வரிசை கத்தியது. தமிழ்மணி பிள்ளையின் தோளைத் தட்டி, "சத்தமா சொல்லு பாப்பா" என்றார். அவள் சத்தமாகச் சொன்னாள். அழுகையோடு, அதே மூன்று வரி. மறுபடியும் கை தட்டினார்கள்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "யோவ், நிறுத்துங்கய்யா!" என்று கத்தினேன். கடைசி வரிசையில் எருக்கம்பாறை ஜனங்களும் எழுந்து கத்தினார்கள். கைதட்டலில் யாருக்குக் கேட்கும்? வாசலில் தட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. யுவராணி விரலெல்லாம் சந்தனமாக நடுவழியில் ஓடிவந்தாள். அவள் மேடை ஏறுவதற்குள் பிள்ளை நின்ற இடத்திலேயே ஒண்ணுக்குப் போய்விட்டது. புலித்தோல் துணி நனைந்து, கால் வழியாக இறங்கி, சிவப்புக் கம்பளத்தில் பரவியது. யாரோ தண்ணீர் பாட்டிலைக் கொட்டிவிட்டார்கள் என்று தமிழ்மணி துடைக்க ஆள் கூப்பிட்டார்.

யுவராணி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பட்டுப் புடவை நனைந்தது. தலைவர் கருப்பண்ணன் நெகிழ்ந்துபோய் எழுந்து வந்து, கையில் புத்தகத்தோடு மைக்கை அவளிடம் நீட்டினார்.

"நீதானம்மா தாய்? கொழந்தை பாடினதை எல்லாரும் புரிஞ்சுக்கற மாதிரி தமிழ்ல சொல்லும்மா."

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"பாட்டு இல்லீங்க ஐயா. 'வயித்த வலிக்குது, ஒண்ணுக்குப் போவணும், விடுங்க'ன்னு சொல்லுச்சுங்க. ரெண்டு வாட்டி சொல்லுச்சு. ரெண்டு வாட்டியும் நீங்க கை தட்டனீங்க."

நழுவின பிள்ளையை ஏற்றி வைத்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"இது டீச்சருக்குப் புரியணும்னுதாங்க ஒரு பக்கம் எழுதிக் குடுத்தேன். உங்க கையில இருக்கற புஸ்தகத்துல நடுவுல தொறந்து பாருங்க. அந்தப் பக்கத்துலதான் இப்ப உங்க போட்டோ இருக்குது."

அவர் பழக்கதோஷத்தில் திறந்தும் பார்த்தார். நடுவில் எங்கிருந்தோ இரண்டு பேர் என்ன ஏது என்று புரியாமல் கை தட்டினார்கள். யுவராணி மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளையோடு இறங்கிப் போனாள். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே ஜோஸ்பின் டீச்சர் வாசலில் நின்றிருந்தார். இரவு தூங்கின முகமாக இல்லை.

"அந்தப் பக்கம் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. "முன்னாடியே ஒருவாட்டி எழுதிக் குடுத்துச்சே டீச்சர், அது எங்க?" என்று கேட்டேன்.

"தொலைச்சுட்டேன்" என்றார். "நேத்து நானும்தாங்க கை தட்டினேன். மூணு வருசமா அந்த ஊர்ல வேலை பாக்கறேன். தர்மபுரிக்கு அனுப்பற பேச்சே இனிமே கெடையாது, போயி யுவராணிகிட்டச் சொல்லிட்டுத்தான் வரேன்."

அதற்கு மேல் திட்ட எனக்கு மனம் வரவில்லை. வகுப்புச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிய எழுத்தில் இருபது வரியையும் ஃப்ளக்ஸில் போட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தமிழ்மணி போன் செய்தார். டீச்சர் பேனர் அடிக்கிற விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

"நல்ல முயற்சிங்க இனிகோ. அறக்கட்டளை சார்பா போட்டுடலாம். மேல ஓரமா தலைவர் படம், சின்னதா இருந்தாக் கூடப் போதும்."

"இருபது வரியையும் தலைவரை மனப்பாடமாச் சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டாருன்னா ஆளுயரத்துக்குப் போடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். டீச்சர் மெஷினிலிருந்து வெளியே வருகிற வரிகளை உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அதே வாரத்தில் ஒரு சாயங்காலம். இரண்டு காதுகுத்து பேனருக்கு நடுவில் தலை நிமிர நேரமில்லாமல் இருந்தேன். யுவராணி போன் செய்தாள். பின்னால் கோழி கத்துகிற சத்தமும் அதைத் திட்டுகிற ஒரு சின்னக் குரலும் கேட்டது.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும். கவி இப்பத்தான் ஸ்கூல்ல இருந்து வந்தா" என்றாள். நான் மெஷினை நிறுத்தினேன்.

"பாட்டில் காலியா இருக்குதுண்ணா."